சாட்சி சொன்ன தம்பியும் கை தட்டிய சபையும்

சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 56. சுமார் 120 பேர் கூடும் தமிழ்ச் சபை ஒன்றில் மூப்பர். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இவருடைய வீவக அடுக்குமாடி வீட்டில்தான் நடக்கிறது. மூன்று பக்கக் கடிதத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

சபையில் 25 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார். அப்பா இல்லை. அம்மா பள்ளி உணவகத்தில் வேலை செய்கிறார். தேசிய சேவை முடித்த மறுவருடம் இவருக்கு யாரோ பேசுவதுபோல் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனநலக் கழக மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மாத்திரையோடு மெல்லத் தேறி, ஒரு கிடங்கில் பகுதிநேர வேலைக்குப் போனார். ஞாயிறு ஆராதனையில் பழையபடி கீபோர்டும் வாசித்தார். இந்த வருடத் தொடக்கத்தில் வெளிநாட்டு ஊழியக்காரர் ஒருவர் வந்து நடத்திய கூட்டத்தில் இவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு இவர் மேடையேறி, மாத்திரைகளைக் குப்பைக்குழாயில் போட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னார். "முதலில் கை தட்டியவன் நான்தான்" என்கிறார் வாசகர்.

அதன்பின் ஆறு வாரம் தம்பி முன்னைவிட நன்றாக இருந்தாராம். முகத்தில் களை, கீபோர்டில் விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. இப்போது இரவில் தூங்குவதில்லை. மூப்பர்கள் ஒலிபெருக்கி வழியாகத் தன்னைப் பற்றிச் சங்கேதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்கிறார். கிட்டார் வாசிக்கும் பையனோடு ஒருநாள் வாய்ச்சண்டை. சபை இப்போது இரண்டு பட்டுக் கிடக்கிறது. 21 நாள் உபவாசமிருந்து பிசாசைத் துரத்த வேண்டும் என்கிறது ஒரு பக்கம். 'உட்பிரிட்ஜ் கேஸ், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம்' என்று மனநலக் கழகத்தின் பழைய பெயரைச் சொல்லித் தள்ளுகிறது மறுபக்கம். அம்மாவோ, மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுக்கலாமா என்று வாசகரிடம் கேட்டிருக்கிறார். இது ஆவியா, நோயா? மாத்திரை சாப்பிட வைக்க வழி உண்டா? ஆராதனைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா? பயிற்சி பெற்ற ஆள் ஒருவர்கூட இல்லாத சின்னச் சபை என்னதான் செய்ய முடியும்? இவைதான் கேள்விகள்.

ஐயா, உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஆவியா நோயா என்று பேசி முடிப்பதற்குள் தம்பி இன்னும் பத்து இரவுகள் தூங்காமல் இருந்துவிடுவார்.

முதலில் இந்த வாரம்

மருந்தை நிறுத்தியிருக்கிறார், தூக்கம் போய்விட்டது, தன்னைச் சுற்றிச் சதி நடப்பதாக நினைக்கிறார். நான் அவரை நேரில் பார்க்கவில்லை, நோயைக் கணிக்கும் மருத்துவரும் இல்லை. ஆனால் பல வருடம் மனநல வார்டில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக்கூடாது. அடுத்த மருத்துவச் சந்திப்பு எப்போது இருந்தாலும் சரி, அம்மா உடனே கிளினிக்கைக் கூப்பிட்டு முன்கூட்டியே நேரம் கேட்கட்டும். பிள்ளைக்கு 21 வயது தாண்டிவிட்டதால் மருத்துவர் தம்மிடம் பேசமாட்டார் என்று பல அம்மாக்கள் தயங்குகிறார்கள். அவர் சம்மதமில்லாமல் மருத்துவர் விவரங்களைச் சொல்ல முடியாமல் போகலாம். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. என்றைக்கு மாத்திரையை நிறுத்தினார், எத்தனை இரவு தூங்கவில்லை, என்ன சொல்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நீங்களும் அதில் கூப்பிட்டுக் கேட்கலாம். புவாங்கோக்கில் உள்ள அதன் அவசரப் பிரிவும் இரவு பகலாகத் திறந்திருக்கும்.

தம்பியிடம் பேசப் போகும்போது ஏழெட்டு மூப்பர்கள் சேர்ந்து போகாதீர்கள். மூப்பர்கள் தன்னைப் பற்றித் திட்டமிடுகிறார்கள் என்று பயப்படுகிறவர் முன்னால் மூப்பர் கூட்டமே போய் நின்றால் என்ன ஆகும்? அவருக்குப் பிடித்த ஒருவர், கூட நீங்கள், அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் அப்படி எதுவும் வரவில்லை என்று வாதாட வேண்டாம். ஆமாம் தம்பி என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு அது கேட்கல தம்பி, ஆனா உனக்கு பயமா இருக்குன்னு தெரியுது" என்றால் அது உண்மை, அவரை அவமதிக்கவும் இல்லை. அப்புறம் தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். தனக்கு நோய் என்று ஒப்புக்கொள்ளாதவர்கூடத் தூக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வார். "ரெண்டு வாரமா தூங்கலையே, தூக்கத்துக்காவது டாக்டர்கிட்ட கேட்போமா, நானும் வரேன்" என்ற வாசல் வழியாக எத்தனையோ பேர் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அந்தக் குரல்கள் ஏதாவது செய்யச் சொல்கின்றனவா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல, ஆகவே போலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாரும் மறைக்க வேண்டியதில்லை. 'ஆமாம்' என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். ஆபத்து கண்முன் இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995 அல்லது போலிசுக்கு 999. பேச ஆள் வேண்டுமானால் 1767 எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸும், 1771 எண்ணில் தேசிய மனநல உதவி எண்ணும் எந்நேரமும் உண்டு.

அந்த ஆறு வாரம்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'விரல்கள் பழைய வேகத்தில் ஓடின' என்பதுதான். மனச்சிதைவுக்குத் தரும் மாத்திரைகள் சிலவற்றால் தசைகள் இறுகும், கை நடுங்கும், பகலெல்லாம் தூக்கமாக வரும், உடம்பு பெருக்கும். மாத்திரையை நிறுத்தியதும் இந்தப் பக்கவிளைவுகள்தான் முதலில் விலகும். நோயை அடக்கி வைத்திருக்கும் பலன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடாது. சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஓடும். ஆக, நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. மருந்தின் தொல்லையும் இல்லை, நோயின் தொல்லையும் இல்லை. ஆள் ஜொலிப்பார். நீங்கள் எல்லாரும் பார்த்தது அந்த இடைவெளியை.

இதை அற்புதம் என்று நினைத்ததற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவமே தெரியாத எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் எண்ணிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 100க்கு சுமார் 27 பேருக்கு. மருந்து நிறுத்தப்பட்டவர்களில் 64 பேருக்கு. மருந்து முழுக் காப்பு அல்ல என்பதும் இதிலேயே தெரிகிறது. நிறுத்தியவர்களில் சிலர் ஓராண்டு தாக்குப்பிடிப்பதும் உண்மைதான். அந்தச் சிலர்தான் மேடைக்கு வருகிறார்கள். மற்றவர்கள் வார்டுக்கு வருகிறார்கள், அங்கே ஒலிவாங்கி கிடையாது.

இன்னொன்று. தம்பி விசுவாசத்தால் மட்டும் மாத்திரையை வீசினாரா, அல்லது விரல் இறுகி வாசிக்க முடியாமல் போனதும் ஒரு காரணமா? யாராவது அவரிடம் கேட்டீர்களா? இறுக்கம் குறைந்த வேறு மருந்துகள் இருக்கின்றன, அளவை மாற்றலாம், தினமும் மாத்திரை வேண்டாம் என்றால் மாதம் ஒருமுறை ஊசியாகவும் சில மருந்துகளைப் போடலாம். 'டாக்டர், நான் கீபோர்டு வாசிக்கிறவன்' என்ற ஒரு வரி மருத்துவர் காதில் விழ வேண்டும். பத்து நிமிடச் சந்திப்பில் இவராக அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

ஆவியா, நோயா

நானும் சபைக்குப் போகிறவள்தான். ஆனால் இந்தப் பத்தியில் எனக்குப் பிரசங்க வேலை இல்லை, உங்கள் போதகரோடு வேதப் போட்டியும் இல்லை. எசேக்கியா ராஜாவின் கதையை மட்டும் உங்கள் உபவாசக் கட்சிக்கு நினைவூட்டுங்கள். சாகக் கிடந்தவர் அழுது ஜெபித்தார், ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுசில் 15 வருடம் கூடியது என்றெல்லாம் நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதே அதிகாரத்தில், ஜெபம் கேட்கப்பட்ட பிறகு, ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடை கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். அந்த அடையைக் குப்பையில் போடு, அது அவிசுவாசம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஜெபியுங்கள். ஆனால் முறையைப் பார்த்துச் செய்யுங்கள். தூக்கம் கெட்டவரை முழு இரவு ஜெபத்துக்கு அழைப்பது நெருப்பில் எண்ணெய் வார்ப்பது. இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு ஓரிரு இரவுத் தூக்கம் போனாலே மனம் எகிறிவிடும். உபவாசமும் அப்படித்தான். அந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் உடலில் நீர் குறைந்து, இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறலாம். சில மாத்திரைகள் சாப்பாட்டோடு எடுத்தால்தான் வேலை செய்யும். தம்பிக்காக நீங்கள் உபவாசம் இருங்கள், தம்பியை இருக்கச் சொல்லாதீர்கள். சுற்றி நின்று சத்தமிட்டு ஆவியை அதட்டுவதும் வேண்டாம். குரல்களுக்குப் பயந்தவருக்கு அது இன்னும் பத்துக் குரல். அவர் விருப்பமில்லாமல் பிடித்துவைத்து ஜெபிப்பது சட்டப்படி குற்றமாகவும் ஆகிவிடும்.

மாத்திரை சாப்பிட வைக்கலாமா

சபையால் முடியாது. முடியவும் கூடாது. முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்த ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம், அது அவர் உரிமை. நாம் அதை முட்டாள்தனம் என்று நினைத்தாலும் உரிமைதான். அதற்கு எல்லையும் உண்டு. மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டத்தின்படி, மனநோயால் ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடும் என்று போலிசார் நியாயமாகச் சந்தேகித்தால் அவரை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். ஆபத்து அந்த நிமிடமே நிகழவிருக்க வேண்டியதில்லை, நிகழ வாய்ப்பிருந்தாலே போதும் என்று 2024இல் நாடாளுமன்றம் அதில் திருத்தம் செய்தது. மனநலக் கழக மருத்துவர் அவசியம் என்று கண்டால் முதலில் 72 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வேறொரு மருத்துவரின் பரிசோதனை வேண்டும். மூப்பர் ஒருவர் ஃபோன் செய்து ஆளைப் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு அல்ல இது. பேசிப் பார்த்து, தூக்கத்தின் பெயரில் அழைத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாமல் ஆபத்தும் தெரிந்தால் எடுக்கும் கடைசி வழி.

ரசத்தில் பொடித்துக் கலக்கும் யோசனையை அந்த அம்மா விட்டுவிடட்டும். அவர் தவிப்பு புரிகிறது, ஆனால் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால், தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று பிள்ளை சொன்னது உண்மையாகிவிடும். அப்புறம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்.

கீபோர்டும் பிள்ளைகளும்

குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நாள் ஓய்வு வேறு, எடுத்துவிடுவது வேறு. இப்போது அவருக்குப் பயமூட்டும் பொருளே ஒலிபெருக்கி, அதன் பக்கத்தில் உட்கார வைப்பதும் நல்லதல்ல. "நல்லா தூங்கி எழுந்து வா, உன் இடம் உனக்குத்தான்" என்று அவரிடமே பேசி முடிவெடுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி பேசுங்கள். நோயின் பெயரை வைத்து விதி போடாமல் நடத்தையை வைத்துப் போடுங்கள்: சக வாத்தியக்காரரைத் திட்டினால் யாராக இருந்தாலும் அன்றைக்கு இறங்கிவிட வேண்டும். கிட்டார் பையனுக்கும் அதே விதிதான்.

பிள்ளைகளைப் பற்றிய பயத்துக்கு: மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் தாக்கப்படுவதுதான் அதிகம். சிகிச்சை இல்லாமலும் குடி, போதைப்பொருளோடும் இருக்கும்போது ஆபத்து கூடும் என்பதும் உண்மை. ஆகவே அவரைச் சிகிச்சையோடு இணைத்து வைப்பதுதான் உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. வெளியே தள்ளினால் அவர் சிகிச்சையிலிருந்தும் விலகுவார். 'உட்பிரிட்ஜ்' என்று பேசும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்: அந்த மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்குக்கு இடம் மாறி, பெயரும் மாறிவிட்டது. நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

பயிற்சி இல்லாத 120 பேர்

பெல்ஜியத்தில் ஹீல் என்று ஒரு ஊர். மனநோயாளிகளின் பாதுகாவலியாகக் கருதப்படும் புனித டிம்ஃப்னாவின் ஆலயத்துக்கு இடைக்காலத்தில் யாத்திரையாக வந்த நோயாளிகளை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்தன. பல நூற்றாண்டுகளாக அந்த வழக்கம் தொடர்கிறது. அந்தக் குடும்பங்கள் வைத்தியம் பார்ப்பதில்லை, வைத்தியத்துக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். குடும்பம் சாப்பாடு போடுகிறது, வேலையில் கூடச் சேர்த்துக்கொள்கிறது, அவர் வினோதமாக ஏதாவது சொன்னால் பதறாமல் இருக்கிறது. உங்கள் சபைக்கும் அவ்வளவு தெரிந்தால் போதும். மருந்தைப் பற்றிப் பேச மட்டும் சபையில் யாருக்கும் அதிகாரம் கிடையாது, வருகை தரும் ஊழியக்காரர் உட்பட. ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் வார்டில் இருந்த காலத்தில் சபைக்காரர்கள் கிட்டாரோடு எட்டுப் பத்துப் பேராக வருவார்கள். பாடுவார்கள், ஜெபிப்பார்கள், போய்விடுவார்கள், மறுபடி வரமாட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் செவ்வாய்க்கிழமைதோறும் தமிழ் முரசோடு வந்து, ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் படிப்பார். பேச்சு அதிகம் இருக்காது. நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படி மூன்று பேரைப் பிடியுங்கள், முறை போட்டுக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தில் எண் எடுத்து உட்காரும்போது கூட இருப்பது, மருந்து வாங்கிவிட்டு எதிரே கோப்பிக்கடையில் தேநீர் குடிப்பது, வேலையை விட்டுவிட்டால் பகலில் எட்டிப்பார்ப்பது. மூன்று பேர் எதற்கென்றால், ஒருவரே சுமந்தால் ஆறு மாதத்தில் களைத்துவிடுவார். இந்த நோய்க்கு ஆறு மாதம் தொடக்கம்தான்.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். சபையில் அவரைப் பார்ப்பவர்கள் எல்லாம் மகனைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பராமரிப்பாளர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் அமைப்பில் அவரைச் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் யாராவது கூடப் போங்கள். காசு விஷயம்: ஸ்கிசோஃப்ரினியா நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் இருப்பதால் வெளிநோயாளிச் செலவுக்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எடுக்கலாம், அம்மாவின் மெடிசேவும் உதவும். தம்பி தேறிய பிறகு வேலைப் பழக்கத்துக்கு ஆங்கிலிக்கன் சமூக சேவை அமைப்பு நடத்தும் மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. மருத்துவச் சமூக சேவகரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வாட்ஸ்அப் குழு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று முதலாளி கேட்கக்கூடாது என 2020 முதல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டியே சொல்கிறது. நம் ஜெபக் குழுக்களிலோ பெயர், நோய், எந்த வார்டு எல்லாம் காலை ஆறு மணிக்கு வந்துவிடும், கூடவே கைகூப்பும் படம். அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், நாளைக்கு அவருக்குப் பெண் பார்க்கும்போது அந்தச் செய்தி யார் ஃபோனிலாவது இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ஞாயிறு ஆராதனை நேரலையில் போயிருக்கும் என்றால், மாத்திரையை வீசியதாகத் தம்பி சொன்ன சாட்சி இன்னும் சபையின் யூடியூப் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு பிள்ளை மாத்திரையை நிறுத்தலாம். தம்பிக்கும், நோய் திரும்பிவிட்டது என்று ஒப்புக்கொண்டு மருத்துவரிடம் போவதற்கு அந்தக் காணொளிதான் பெரிய தடை. ஊருக்கே குணமானேன் என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு போவார்? இன்றே இறக்கிவிடச் சொல்லுங்கள். அவரிடம் நீங்களே போய், "அன்னைக்கு நான் கை தட்டினது தப்பு தம்பி, உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மருத்துவரிடம் எந்த நாள் போகலாம் என்று கேளுங்கள்.